கதவுக் காட்சி

ஜனவரி 9

டேய் உருண்டை,

எப்படிடா இருக்க? இருமல் நின்னுச்சா, இல்ல சுரங்கத்துத் தூசி இன்னும் நெஞ்சுல குடித்தனம் பண்ணிட்டு இருக்கா? எனக்குக் கழுத்து வலி. பதினோரு வருஷமா ஒரே தொடருக்கு வசனம் எழுதினா கழுத்து என்ன பண்ணும், பாவம்.

எங்க சேனலுக்குப் புது மேலாளர் வந்துட்டார். வாயைத் திறந்தா சதவீதம்தான். "மேடம், நேத்து உங்க தையல்காரி ஊசியில நூல் கோத்துக்கிட்டே இருந்தா. அந்த நேரத்துல பதினெட்டு சதவீதம் பேர் சேனலை மாத்திட்டாங்க." நாங்க அவருக்குச் சதவீதம்னே பேர் வச்சுட்டோம். நாலு பேர் உக்காந்து கதை பேசின அறையில இப்ப நானும் ஒரு மேசை விசிறியும்தான் மிச்சம். மத்த மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டார். முன்னெல்லாம் நடிகர்களுக்கு முந்தின நாளே வசனப் பேப்பர் போயிடும். இப்ப நான் எழுதி மை காயறதுக்குள்ள அவங்க பேசிட்டு இருக்காங்க.

நான் கார்பன் வச்சு எழுதறதைப் பாத்து அவருக்கு ஒரே சிரிப்பு. மேல் தாள் டைரக்டருக்கு, கீழ் தாள் எனக்கு, அதானே என் வழக்கம். "இந்தக் காலத்துல கார்பனா?"ன்னார். உங்க கம்ப்யூட்டர் என் எபிசோடை எத்தனையோ தடவை முழுங்கியிருக்கு சார், கார்பன் ஒரு தடவைகூட முழுங்கலைன்னேன்.

கதையில ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். தையல்காரியை வீட்டை விட்டுத் துரத்தின அண்ணன் திரும்பி வந்து அவ கதவைத் தட்டணும். அவ திறக்கணும். திறந்ததும் முதல்ல யாரு பேசறது, என்ன பேசறது? "ஏன் வந்த"ன்னா அசிங்கமா இருக்கு. "வா"ன்னா பொய்யா இருக்கு. மாசக்கணக்கா தள்ளிப் போட்டுட்டு இருக்கேன். உனக்கு ஏதாவது தோணினா எழுது.

அப்பாவுக்கு முழங்கால்... இங்க ரெண்டு வரி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காத. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

கழுத்து சுளுக்கின உன் அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்கு,

இருமல் பரவாயில்ல. கழுத்துக்குத் தலையணையை எடுத்துட்டுப் படு.

இங்க வேலை மும்முரம். சுரங்கத்துக்குள்ள காத்து அனுப்பற பெரிய ஃபேன் என் பொறுப்பு. அது நின்னா உள்ள இருக்கற அத்தனை பேரும் வெளிய ஓடி வரணும். அதனால நான் எங்க போனாலும் காது மட்டும் அதுமேலயே இருக்கும்.

சாயந்திரம் மெஸ்ல உன் தொடர்தான். ஊசியில நூல் கோத்த அன்னிக்கு நாப்பது பேர்ல ஒருத்தன்கூட இருமல. நான்கூட. எங்க நாப்பது பேரும் அந்தச் சதவீதத்துல வரமாட்டோமோ? ஆனா நேத்து ஒருத்தி கன்னத்துல அறை வாங்கினா. அதே அறையை மூணு தடவை காட்டினாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடி. பாறை துளைக்கற ஆளு எழுந்து வெளிய போய் வானத்தைப் பாத்துட்டு வந்தான். அது நீ எழுதினது இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

கதவுக்கு என்ன வசனம்னு எனக்கு எப்படித் தெரியும். நான் எந்தக் கதவையும் தட்டல.

நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல என் தலையில கை வச்சு நீ சொன்னது ஞாபகம் இருக்கட்டும். எதை வேணா எழுதுவ, நம்ம வீடு மட்டும் கதைக்குள்ள வராதுன்னு சொன்ன.

காய்கறி வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் மேல வருது. கடிதமும் அதுலதான். பதில் தாமதமானா பயப்படாத.

தம்பி

*

பிப்ரவரி 13

உருண்டை,

தலையணை எடுத்தும் கழுத்து திரும்பல. நீ எப்படி இருக்க? உன் ஃபேன் எப்படி இருக்கு?

நேராவே சொல்லிடறேன். தொடரை ஏப்ரலோட நிறுத்தறாங்க. அந்த நேரத்துல ஒரு புது நிகழ்ச்சி. பிரிஞ்சு போன குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து மேடையில எதிரெதிரா நிறுத்தி, சண்டை போடவிட்டு, அழவிட்டு, சேத்து வைக்கறது. எழுத்தாளரே தேவையில்லையாம், உண்மையே பேசுமாம்! அப்புறம் என்கிட்டயே வந்து, அந்த உண்மை என்ன பேசணும்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கறாங்க.

எனக்கு ஒரு பேரம் வச்சார் சதவீதம். முதல் நிகழ்ச்சிக்கு நல்லதா ஒரு குடும்பத்தை நான் பிடிச்சுக் குடுத்தா, கதையை ஒழுங்கா முடிக்க அஞ்சு எபிசோட் தருவார். இல்லைன்னா எங்க நிக்குதோ அங்கயே வெட்டு. பதினோரு வருஷம்டா. அவளைத் தாழ்ப்பாள்ல கையோட நிறுத்திட்டுப் போறதா? எனக்கு அந்தக் கதவு திறக்கணும். வேற எதுவும் வேண்டாம்.

தேடித் தேடி குடும்பங்களைக் கொண்டு போனேன். ஒண்ணுத்துலயும் அவருக்குத் திருப்தி இல்ல. "அழுகை பத்தல மேடம்"ங்கறார். எனக்கு வந்த கோவத்துல, "எங்க வீட்டுலயேதான் ஏழு வருஷமா அப்பாவும் பிள்ளையும் பேசிக்கல. நாங்க என்ன மேடை ஏறி ஊரைக் கூட்டினோமா?"ன்னு கத்திட்டேன். நல்ல வசனம் வாயில வந்தா எனக்கு அடக்கத் தெரியாதே.

அவர் பேனாவை மூடி வச்சார். என்னமோ சொன்னார். அதை விடு.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

*

மார்ச் 2

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ?

பேனாவை மூடி வச்சுட்டு அவர் என்ன சொன்னார்? அந்த ஒண்ணை மட்டும் எழுதாம விட்டுட்ட.

நான் ஏன் இவ்வளவு பயப்படறேன்னு உனக்குத் தெரியும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன வேனை முந்தின நாள் சர்வீஸ் பண்ணினவன் நான். பாதி வழியில அது நின்னுச்சு. வேற வண்டி பிடிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னிக்குச் சொந்தக்காரங்க அத்தனை பேர் நடுவுல அப்பா சொன்னார், "ஊரான் வண்டியெல்லாம் ஓடுது, உன் அம்மா ஏறின வண்டிதான் நின்னுச்சு." அது நம்ம சொந்தத்தோட போகட்டும். ஊரே உக்காந்து கேக்கற மாதிரி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுக்கா.

பதில் போடு.

தம்பி

*

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு நான் மிக்க நலம்.

அப்பா உன்னைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறார். வயது ஏற ஏற மனம் கனிகிறது. பிரிந்த உறவுகள் மீண்டும் சேரும்போதுதான் குடும்பம் முழுமையடைகிறது. எத்தனை கசப்பு இருந்தாலும் இரத்த பந்தம் விட்டுப்போகாது. பழையதை மறந்து நீ ஒருமுறை வர வேண்டும்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி காலை ரயில் நிலையத்தில் ஒரு கார் காத்திருக்கும். ஓட்டுநர் கையில் உன் பெயர் எழுதிய அட்டை இருக்கும். நேராக ஏறிவிடு. நானும் அப்பாவும் ஓரிடத்தில் உனக்காகக் காத்திருப்போம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா.

உன் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கும்,
அன்பு அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா?

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ஒரு அடித்தல் இல்ல, ஒரு திருத்தல் இல்ல. என்னை உருண்டைன்னு கூப்பிடல. நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. ரயிலடிக்கு எனக்கு யாரு கார் அனுப்பறது? அப்பாகிட்ட ஏது கார்? நம்ம வீட்டுக்கு வர எனக்கு வழி தெரியாதா? சரி, அப்பாவும் நீயும் காத்திருக்கற அந்த "ஓரிடம்" எது?

உண்மையா பேசறவங்க பாதியில நிறுத்துவாங்க, கடகடன்னு முழுசா முடிச்சா அது பொய் வசனம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவளே நீதான்.

இன்னொண்ணு. எனக்கு வந்திருக்கறது கார்பன் தாள்.

மேல் தாள் யார்கிட்ட இருக்கு?

தம்பி

*

ஏப்ரல் 15

உருண்டை,

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. புத்திக்குத்தான் வந்துச்சு.

மேல் தாள் சதவீதத்தோட ஃபைல்ல இருக்கு. மேல் தாளை ஆபீசுக்குக் குடுத்தே பழகிப்போன கை, கீழ் தாளை உனக்குக் கவர்ல போட்டிருக்கு. அவர் மிரட்டி எழுத வச்சார்னு நினைச்சா உனக்கு ஆறுதலா இருக்கும். இல்லடா. நானே எழுதினேன். எபிசோட் எழுதற மாதிரி உக்காந்து எழுதினேன். அவர் படிச்சுட்டு "பிரமாதம்"னார். அப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

அன்னிக்கு அவர் பேனாவை மூடிட்டுச் சொன்னது, "அப்ப உங்க வீட்டையே கொண்டு வாங்களேன்." நான் உடனே முடியாதுன்னு சொல்லல. அஞ்சு எபிசோடும் அந்தக் கதவும்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. கார் உன்னை நேரா ஸ்டுடியோவுக்குக் கொண்டு வரும். நீ மேடையில ஏறினப்புறம்தான் எதிர்ப்பக்கம் அப்பா இருக்கறது உனக்குத் தெரியும். இதுதான் திட்டம். அப்பா சொன்ன அந்த வாக்கியத்தையும் குடுத்துட்டேன். உன்னை அவர் தோள்ல தூக்கி வச்சிருக்கற போட்டோவையும் குடுத்துட்டேன்.

உன் கேள்வியைப் படிச்சதும் நேரா அவர் அறைக்குப் போய், முடியாது, தம்பிக்கும் அப்பாவுக்கும் அனுப்பற ரெண்டு காரும் வரக்கூடாது, அவங்க ரெண்டு பேரும் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டேன். "அப்ப உங்க கதவும் திறக்காது மேடம்"னார். திறக்க வேண்டாம்னேன். நான் சொன்னப்புறமும் விளம்பரத்தை ரெண்டு நாள் ஓட்டினாங்க. நீ பாத்திருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கறேன்.

வராதடா. அப்பாகிட்ட நான் வேற சொல்லியிருக்கேன், எனக்கு விருது குடுக்கறாங்க, கார் வரும்னு. அதை எப்படி... போன்லயும் அவருக்குக் காது கேக்காது. எழுதணும்.

திட்டியாவது ஒரு வரி போடு.

அக்கா

*

ஏப்ரல் 24

உருண்டை,

நல்லா இருக்கியாடா? ஒரு காய்கறி வண்டியாவது இதுக்குள்ள வந்திருக்கணுமே.

தொடரை நேத்தோட நிறுத்திட்டாங்க. அவ தாழ்ப்பாள்ல கை வச்சா, இடி இடிச்சுது, முடிஞ்சுபோச்சு. அழக்கூட வரல எனக்கு. உன் பதில் வராதது மட்டும்தான் மண்டைக்குள்ள ஓடுது.

இருபத்தெட்டாம் தேதி ரயிலடியில யாரும் இருக்கமாட்டாங்க. நீ வந்து தனியா நிக்காத. இது உன் கைக்குக் கிடைச்சுதா இல்லையான்னுகூடத் தெரியாம எழுதிட்டு இருக்கேன். அப்பாவுக்கு ரெண்டு தடவை எழுத உக்காந்தேன்.

அக்கா

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அப்பாவும் நல்லா இருக்கார். நம்ம வீட்டுச் சமையல்கட்டு மேசையில உக்காந்து எழுதறேன்.

மலைப் பாதை சரிஞ்சுபோச்சு. என் கடிதத்தை எடுத்துட்டுப் போனதுதான் கடைசி வண்டி. கேட்ட கேள்விக்கு நீ பதிலே போடலைன்னு இருந்தேன். ஒரு நாள் சாயந்திரம் மெஸ்ல எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கோம். டிவியில அந்தப் போட்டோ. அப்பா தோள்ல நான். கூடவே எவனோ ஒருத்தன் குரல்ல, "ஊரான் வண்டியெல்லாம் ஓடுது..." முழுசா சொன்னான். கடைசியில இடி வேற. நாப்பது பேர்ல ஒருத்தனுக்கும் அது நான்னு தெரியாது. மெஸ்காரர் மட்டும் என் மூஞ்சியைப் பாத்துட்டு டிவியை நிறுத்தினார்.

உன்மேல வந்த கோவத்தை எழுத எனக்குத் தெரியாது. நீ எழுத்தாளி, நீயே எழுதிக்கோ. இப்ப எதிர்ல நின்னாலும் ஒண்ணு போடுவேன்.

ஆனா ஒண்ணு தோணுச்சு. என்னை அந்த மேடையில நிறுத்தினா நான் இறங்கி வந்துடுவேன். அப்பாவால முடியாது. முழங்கால் வலியோட அந்த வெளிச்சத்துல அவரை நிக்க வச்சு, அவர் சொன்னதை அவர்கிட்டயே திருப்பிக் கேப்பாங்க. அதை என்னால பாக்க முடியாது. ஃபேனைக் கூட்டாளிகிட்ட ஒப்படைச்சுட்டு, சரிஞ்ச பாதையில நடந்தே இறங்கினேன். எனக்குச் சொன்ன மாதிரி அவருக்கும் கார் வந்தா நாலு சக்கரத்துலயும் காத்தைப் பிடுங்கிடறதுன்னு ஸ்பேனரைப் பையில போட்டுக்கிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலையில கதவைத் தட்டினேன். அப்பா திறந்தார். புதுச் சட்டை. காலர்ல கடை அட்டையைக்கூட எடுக்கல. என்னைப் பாத்தார். அப்புறம் என் காலைப் பாத்தார்.

"செருப்பை உள்ள விடு. வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்"னார்.

அவ்வளவுதான். உள்ள விட்டேன். ரெண்டு பேரும் கூடத்துல உக்காந்து காருக்காகக் காத்திருந்தோம். அவர் ஏற, நான் தடுக்க. கார் வரல. மத்தியானம் ஆச்சு. அவர் மேல பாத்துட்டு, "அந்த ஃபேன் ரொம்ப நாளா கடகடங்குது. பாக்கறியா?"ன்னார். அம்மா போனதுக்கப்புறம் அவர் என் கையில ஒரு மெஷினைக் குடுத்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கீழ இருந்து ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு. மேல பாத்துக்கிட்டே இருந்ததால தப்பிச்சேன்.

வண்டி ஏன் வரலைன்னு மட்டும் எழுது. நீ நிறுத்தினியா, அவங்களாவே விட்டுட்டாங்களா? உன்கூடப் பேசறதா வேண்டாமான்னு அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்.

அப்பாவும் ஒரு தாள் எழுதினார். இதுலயே வச்சிருக்கேன். நான் படிக்கல.

தம்பி

*

ஏப்ரல் 30

மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் கழுத்து வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

விருது ஒன்றும் இல்லை என்று எனக்கு முன்பே தெரியும். நான் டிவியை வைக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும், எனக்குக் கேட்காதா? என் தோளில் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் சொன்னதை வேறு ஒருத்தன் சொல்லக் கேட்டேன். எவ்வளவு கேவலமாக இருக்கிறது! பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒருத்தன் இப்படிச் சொல்லுவானா என்று கேட்க வாயெடுத்தேன். அப்புறம்தான் அது நான் என்று உறைத்தது.

தெரிந்துதான் சட்டை வாங்கினேன். மேடை ஏறினால்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம் என்றால் ஏறிவிட்டுப் போகிறேன் என்று இருந்தேன். நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். அன்றைக்கு அவன் நின்றதும் நாலு பேர் நடுவில்தானே.

நீ செய்தது தப்பு. உன் முகத்தைப் பார்த்துத்தான் மீதியைச் சொல்லுவேன்.

இன்னொரு விஷயம். உன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பதினோரு வருஷம் ஒரு நாள் விடாமல் பார்த்தவன் நான். அவள் கதவைத் திறந்தாளா, இல்லையா? எனக்கு மட்டுமாவது சொல்லு.

அப்பா

*

மே 6

அப்பாவுக்கு,

தைலத்தை நீங்களே வச்சுக்கோங்க, முழங்காலுக்கு ஆகும். என் கழுத்துக்கு இப்ப வேலை இல்ல, சேனல்ல என் மேசையையும் எடுத்துட்டாங்க.

உருண்டைகிட்ட சொல்லுங்க, வண்டியை நிறுத்தினது நான்தான். வரச் சொன்னதும் நான்தான். ரெண்டையும் சேத்தே சொல்லுங்கப்பா, ஒண்ணை விட்டுட்டுச் சொல்லாதீங்க.

கதவைத் திறந்தாளான்னு கேட்டீங்க. தெரியலப்பா. சத்தியமா எனக்கே தெரியல. திறந்ததும் என்ன பேசறதுன்னு கடைசி வரைக்கும் எனக்கு வரவே இல்ல. உருண்டை எழுதினதைப் படிச்சப்போ, இதுதானே, இவ்வளவுதானேன்னு பேனாவை எடுத்தேன். அப்புறம் மூடி வச்சுட்டேன். அது நம்ம வீட்டுது. குடுத்த வாக்கை ஒரு தடவை மீறினது போதும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன். தட்டறேன். திறக்கறதும் திறக்காததும் உங்க ரெண்டு பேர் இஷ்டம். திறந்தா நான் எதுவும் பேசப்போறதில்ல, இந்தத் தடவை என்கிட்ட வசனமே இல்ல.

என் செருப்பை எங்க விடணும்னு நீங்க சொல்லுங்க.

உங்க மகள்